கென்ட், சசெக்ஸ் மரச்சட்ட வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட், சசெக்ஸ் கிராமங்களில், 1400களில் ஓக் மரத்தால் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. பலவற்றில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும், வேலைக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளில் எதுவுமே கட்டிய நாளில் இருந்த மாதிரி இப்போது இல்லை. யாராவது ஒருவர் தலைமுறைக்குத் தலைமுறை கைவைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்ததே அந்த மாற்றங்கள்தான், பதில்களும் அதைச் சுற்றியேதான் இருக்கும்.

மரச்சட்ட வீடு என்றால் முழுக்க மரத்தால் கட்டிய வீடா?

இல்லை. பாரம் தாங்குவது மரச்சட்டம், சுவர் வெறும் அடைப்பு. கல்லோ செங்கல்லோ வைத்த தாழ்வான மேடை, அதன்மேல் படுக்கை உத்தரம், அதில் தூண்கள், தூண் தலையில் கூரை உட்காரும் நீள உத்தரம், இரண்டு பக்கத் தூண்களையும் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் விட்டம், மேலே கைமரங்கள். எல்லாம் துளையும் அதற்குள் நுழையும் கழுந்துமாகக் கோத்து மர முளை அடித்து இறுக்கியது. இரும்பு ஆணிக்கு இந்தச் சட்டத்தில் வேலையே இல்லை.

இதை ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்றால், இந்த வீடுகள் 600 வருஷம் தாக்குப்பிடித்ததற்கே இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுவர் பாரம் தாங்கவில்லை என்பதால் எங்கே வேண்டுமானாலும் அதை எடுத்துவிட்டு ஜன்னல் வைக்கலாம், கதவை இடம் மாற்றலாம், இன்னொரு பக்கம் இரண்டு அறை ஒட்டலாம். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டவேண்டிய அவசியம் வரவில்லை.

'வீல்டன்' வீடு என்கிறார்களே, அது எது?

கென்ட்டுக்கும் சசெக்ஸுக்கும் நடுவில் பரந்து கிடக்கும் காட்டுப் பிரதேசத்துக்கு வீல்ட் என்று பெயர். அங்கே நல்ல நிலையில் இருந்த விவசாயிகள் 1300களின் பிற்பகுதியிலிருந்து 1500களின் தொடக்கம் வரை கட்டிக்கொண்ட ஒரு மாதிரி வீடு இது. பிற்பாடு மற்ற மாவட்டங்களிலும் நகரங்களிலும்கூட இந்த மாதிரி வீடுகள் கட்டப்பட்டன, பெயர் மட்டும் வீல்டன் என்றே நிலைத்துவிட்டது.

தெருவில் நின்றே கண்டுபிடிக்கலாம். நடுவில் ஒரு கூடம், இரண்டு பக்கமும் மாடியோடு கூடிய பகுதிகள். அந்த இரண்டு மாடிகளும் கீழ்ச்சுவரைத் தாண்டி முன்னே துருத்தி நிற்கும். நடுக்கூடத்தின் சுவர் மட்டும் உள்வாங்கி இருக்கும். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை. அதனால் கூடத்தின் முன்னால் கூரையைத் தாங்கும் உத்தரம் சுவரே இல்லாமல் அந்தரத்தில் ஓடும், அதை இரண்டு பக்கமிருந்தும் வளைந்த கட்டைகள் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கும். அந்த இரண்டு வளைவுகளைப் பார்த்துவிட்டால் வீல்டன் என்று சொல்லிவிடலாம். சில இடங்களில் பின்னால் வந்தவர்கள் உள்வாங்கிய பகுதியை முன்னால் கொண்டுவந்து சுவர் எழுப்பி மூடியிருப்பார்கள், அப்போது வளைவுகள் வீட்டுக்குள்ளே, ஏதாவது ஒரு படுக்கையறைச் சுவரில் அகப்படும்.

நடுக்கூடத்துக்கு ஏன் மாடி இல்லை?

அடுப்பு நடுக்கூடத்தில், தரையிலேயே இருந்தது. புகைபோக்கி கிடையாது. புகை மேலே எழும்பி, கூரைக்குள் சுற்றி, கூரையின் இரு முனைகளிலும் விட்டிருந்த சிறு முக்கோணத் திறப்பு வழியாகவோ ஓட்டு இடுக்குகள் வழியாகவோ வெளியே போனது. மேலே மாடி போட்டால் புகை போக வழியில்லை. அதனால் தரையிலிருந்து முகடு வரை திறந்தே விட்டார்கள்.

புகைக்குள் எப்படி இருந்தார்கள் என்று உடனே கேட்பீர்கள். கூடம் உயரம் என்பதால் புகை தலைக்கு மேலேயே தங்கிவிடும், காய்ந்த விறகு எரித்தால் கீழே ஓரளவு சமாளிக்கலாம். ஜன்னலில் கண்ணாடியும் கிடையாது, நிற்கும் மரக்கம்பிகள் மட்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கப் பலகையை மூடிக்கொள்வார்கள்.

கூடத்தின் ஒரு முனை வீட்டுக்காரருடைய மேல்முனை, அங்கே நீள மேசையும் சுவரோரம் பெஞ்சும் இருக்கும், அதற்கப்பால் உள்ளறை, உள்ளறைக்கு மேலே படுக்கையறை. மறுமுனையில் முன்வாசலையும் பின்வாசலையும் சேர்க்கும் நடை, நடையை ஒட்டி இரண்டு சிறு கதவுகள், ஒன்று பானங்கள் வைக்கும் அறைக்கு, இன்னொன்று உணவுப்பொருள் வைக்கும் அறைக்கு. யார் எங்கே உட்காரவேண்டும், யார் எந்த வாசலில் வரவேண்டும் என்பதை வீட்டின் அமைப்பே சொல்லிவிடும்.

புகைபோக்கி வந்ததும் என்ன ஆனது?

எல்லாமே மாறியது. இந்த வீடுகளின் வரலாற்றில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1500களின் நடுவிலிருந்து சாதாரணக் குடியானவர் வீடுகளுக்கும் செங்கல் புகைபோக்கி வரத் தொடங்கியது. எசெக்ஸ் மாவட்டத்தில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577இல் எழுதும்போது, தன் ஊர்ப் பெரியவர்கள் தங்கள் காலத்தில் வியக்கத்தக்க அளவு மாறிவிட்டதாகச் சொன்ன மூன்று விஷயங்களில் முதலாவது புதிது புதிதாக எழும்பிய புகைபோக்கிகள் என்று குறிக்கிறார். அவர்கள் இளவயதில் ஊருக்கு இரண்டோ மூன்றோதான் இருந்ததாம்.

புகை ஒரு குழாய்க்குள் அடங்கியதும் கூடத்தின் மேல்பாதி சும்மா கிடந்தது. உடனே நடுவில் ஒரு பெரிய உத்தரத்தைக் கொடுத்து, குறுக்குக் கட்டைகள் போட்டு, மச்சு கட்டிவிட்டார்கள். ஒரே நாளில் ஒரு புது அறை கிடைத்த மாதிரி. அதற்குப் போகப் படிக்கட்டு வேண்டும், அதைப் புகைபோக்கியின் பக்கத்திலேயே சுருட்டி வைத்தார்கள். பலர் புகைபோக்கியைப் பழைய நடை இருந்த இடத்திலேயே கட்டினார்கள். அப்போது வாசலில் நுழைந்தால் நேரே செங்கல் சுவர் மறிக்கும், வலது பக்கம் ஒரு அறை, இடது பக்கம் ஒரு அறை என்று பிரிந்து போகவேண்டும். முன்பு ஊரே வந்து உட்காரக்கூடிய திறந்த கூடமாக இருந்தது, இப்போது கதவு சாத்திக்கொள்ளும் தனித்தனி அறைகளாகிவிட்டது.

புது மாடியில் ஒரு சிக்கலும் வந்தது. பழைய கூடத்தின் நடு விட்டம் இப்போது மாடி அறையின் குறுக்கே, மார்பளவிலோ தலையளவிலோ ஓடியது. அதைத் தாங்கிய வளைவு முட்டுகள் நடக்க இடைஞ்சலாக இருந்தன. பல வீடுகளில் அந்த முட்டுகளை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார்கள், சில இடங்களில் விட்டத்தையே வெட்டி நடைவழி விட்டார்கள். கட்டுமானம் தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஆனாலும் வீடு நிற்கிறது, ஏனென்றால் அதற்குள் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு அடி அகலச் செங்கல் புகைபோக்கி ஒன்று துணைக்கு நின்றது.

திறந்த அடுப்பிலிருந்து நேராகப் புகைபோக்கிக்குப் போய்விட்டார்களா?

எல்லோரும் அல்ல. இடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. கூடத்தின் ஒரு ஓரத்தை மட்டும் தடுப்பு வைத்துப் பிரித்து, அந்தக் குறுகிய பகுதியை மட்டும் முகடு வரை திறந்துவிட்டு, அடுப்பை அதற்குள் தள்ளிவிடுவார்கள். புகை அங்கேயே மேலே ஏறிப் போகும், மீதிப் பகுதிக்கு மச்சு போட்டுக்கொள்ளலாம். செங்கல் செலவு மிச்சம்.

மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில் வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் இருக்கிறது. எங்கெங்கோ இடிக்க இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். அங்கே பேலீஃப் என்ற வீட்டில் தரை அடுப்பைப் பார்க்கலாம். பாப்லர் காட்டேஜில் இந்தத் தடுப்பு ஏற்பாட்டைப் பார்க்கலாம். பெண்டீன் என்ற வீடு 1609இல் கட்டும்போதே நடுவில் புகைபோக்கி வைத்துக் கட்டியது. இந்த மூன்றிலும் அடுத்தடுத்து நுழைந்து பாருங்கள், நான் மேலே எழுதியதெல்லாம் பத்து நிமிஷத்தில் புரியும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். பாப்லர் காட்டேஜ் 1600களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, அதாவது பெண்டீனுக்குப் பிந்தையது. நிலமில்லாத ஏழைக் குடும்பத்தின் வீடு. வசதியுள்ளவர் புகைபோக்கி கட்டி இரண்டு தலைமுறை ஆன பிறகும் ஏழை பழைய முறையில்தான் இருந்தார். அடுப்பை மட்டும் பார்த்து வீட்டின் வயதைச் சொல்ல முடியாது.

பேலீஃப் எப்படி அங்கே வந்தது?

அது முதலில் கென்ட்டில் சிடிங்ஸ்டோன் என்ற ஊரில் இருந்தது. பவ் பீச் நீர்த்தேக்கம் கட்ட முடிவானபோது அந்தப் பள்ளத்தாக்கில் இருந்த வீடுகளுக்கு ஆபத்து வந்தது. 1968–69இல் பேலீஃபைக் கட்டை கட்டையாகப் பிரித்து, எண் போட்டு எடுத்துவந்து, சிங்கிள்டனில் மறுபடி எழுப்பினார்கள். துளையும் கழுந்துமாகக் கோத்த வீடு என்பதால்தான் இது சாத்தியமானது.

பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் உறுதியானது. கூடமும் பானம், பண்டம் வைக்கும் முனையும் 1405க்கும் 1430க்கும் இடையில் வெட்டிய மரங்கள். மேல்முனை, அதாவது வீட்டுக்காரரின் படுக்கையறை உள்ள பக்கம், 1505–1510 வாக்கில் வெட்டியது. முக்கால் நூற்றாண்டுக்குக் குறையாத இடைவெளி. வெளியே நின்று பார்த்தால் ஒரே கையால் கட்டிய மாதிரி அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது. அந்த இரண்டாவது தச்சருக்குப் பழைய வீட்டின்மேல் இருந்த மரியாதையை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

ஒரு வீட்டில் எது பழையது, எது பின்னால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் பரணுக்கு ஏறுவார்கள். டார்ச் அடித்துக் கைமரங்களைப் பார்ப்பார்கள். கூடத்துக்கு மேலிருக்கும் கைமரங்கள் தார் பூசிய மாதிரி கறுத்திருந்தால், அங்கே ஒரு காலத்தில் தரை அடுப்பு எரிந்திருக்கிறது. விரலால் தொட்டால் ஒட்டாது, அவ்வளவு கெட்டியாக இறுகிப்போன கரி. இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால், கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் உள்ள தடுப்பின் ஒரு முகம் மட்டும் கறுத்திருக்கும், மறுமுகம் இன்றைக்கு வெட்டிய மரம் மாதிரி பழுப்பாக இருக்கும். அந்தத் தடுப்பு அடுப்பு எரிந்த காலத்திலேயே அங்கே இருந்தது என்று அதிலிருந்து தெரியும். சட்டக் கட்டைகள் இரண்டு முகத்திலும் கறுத்து, நடுவில் உள்ள அடைப்பில் மட்டும் கரி இல்லாவிட்டால் கூடம் அப்பாலும் நீண்டிருந்தது, தடுப்பு பிறகு வந்தது. கறுத்த கைமரங்களுக்கு நடுவே கரியே படாத ஒன்று இருந்தால் அதை யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள், அல்லது வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

அடுத்தது தச்சர் குறிகள். சட்டம் முழுவதையும் முதலில் தரையில் படுக்கவைத்துக் கோத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கழுந்தும் அதனுடைய துளைக்கு மட்டும்தான் பொருந்தும், இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் இரண்டு கட்டை சேரும் இடத்தில் இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறிவைத்து, பிரித்து, வண்டியில் ஏற்றி, கட்டும் இடத்தில் மறுபடி கோப்பார்கள். ரோமன் எண்கள், ஆனால் நாலுக்கு நாலு கோடுதான். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று குறிகள் ஓடினால் நாலாவது கட்டை காணாமல் போயிருக்கிறது.

சட்டத்துக்கு நல்ல முகம், பின்முகம் என்றும் உண்டு. முளைகளை நல்ல முகத்திலிருந்துதான் அடிப்பார்கள், வெளிச்சுவரில் அந்த முகம் தெருவைப் பார்க்கும். இப்போது வீட்டுக்குள் இருக்கும் ஒரு சுவரில் நல்ல முகம் தெரிந்தால், அது ஒரு காலத்தில் வெளிச்சுவர், அதற்கப்பால் இருப்பதெல்லாம் பின்னால் ஒட்டியது.

மச்சுக்கட்டைகளையும் பாருங்கள். இடைக்காலத் தச்சர் அவற்றைப் பட்டையாகப் படுக்கவைப்பார், அகலம் அதிகம், உயரம் குறைவு. பிற்காலத்தில் அதே கட்டையைச் செங்குத்தாக நிறுத்தினார்கள், அப்படி வைத்தால் பலம் அதிகம் என்று புரிந்துகொண்டார்கள். ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டும் இருந்தால், எது முதலில் வந்தது என்று கேட்கவே வேண்டாம்.

கட்டைகளில் காலித் துளைகள் இருக்கின்றன. பழைய கப்பல் மரமா?

கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்காரரும் இதைச் சொல்வார்கள், அதுவும் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்துகொண்டு. மரம் வளைந்திருக்கிறது, காரணமில்லாத துளைகள் இருக்கின்றன, ஆகவே கப்பல். அப்படி இல்லை. வீல்ட் முழுக்க ஓக் காடு, கையெட்டும் தூரத்தில் மரம் கிடைக்கும்போது கப்பலைத் தேடிப் போக யாருக்கும் அவசியம் இல்லை. வளைந்த மரத்தைத் தச்சர் வேண்டுமென்றே தேடி எடுத்தார், வளைந்த முட்டுக்கு வளைந்தே வளர்ந்த கிளைதான் பலம்.

காலித் துளைகள்தான் இதில் அருமையான விஷயம். ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட ஒரு கட்டையின் இடம். உத்தரத்தின் அடிப்பக்கத்தில் வைரக்கல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தால், அங்கே கண்ணாடியில்லாத ஜன்னல் இருந்தது, அந்தக் குழிகளில் நிற்கும் கம்பிகள் செருகியிருந்தன. குழிகளை எண்ணினால் ஜன்னலின் அகலமே கிடைத்துவிடும். வட்டத் துளைகள் வரிசையாக இருந்து எதிர்க்கட்டையில் நீளக் காடி இருந்தால் அங்கே மண் சுவர் இருந்தது, இப்போது கதவு இருந்தாலும் சரி. தயவுசெய்து அந்தத் துளைகளை மக்குப் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

இதைத் தவிர, பழைய வீட்டிலோ கொட்டகையிலோ எடுத்த மரத்தை மறுபடி பயன்படுத்துவதும் சகஜம்.

மர வளையத்தை வைத்து வருஷம் சொல்வது எவ்வளவு நம்பகமானது?

நல்ல மாதிரி கிடைத்தால் மிகவும் நம்பகமானது. மழை நன்றாகப் பெய்த வருஷம் வளையம் அகலம், வறண்ட வருஷம் குறுகல். ஒரு பகுதியின் ஓக் மரங்களுக்கெல்லாம் அந்த வரிசை கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். பென்சில் தடிமனுக்குச் சற்று அதிகமாகத் துளையிட்டு மாதிரி எடுத்து, வருஷம் தெரிந்த வரிசையோடு ஒப்பிடுவார்கள். பட்டை ஓரம் வரை மரம் மிஞ்சியிருந்தால் வெட்டிய வருஷமே கிடைக்கும், சிலசமயம் குளிர்காலமா வசந்தமா என்பதுவரை. பட்டைப்பக்க இளமரம் பாதி செதுக்கப்பட்டிருந்தால் ஒரு வரம்புதான் சொல்ல முடியும். பேலீஃபுக்கு 1405–1430 என்று சொல்வது அப்படிப்பட்ட ஒரு வரம்பு.

வெட்டிய பச்சை மரத்தையே ஓரிரு வருஷத்துக்குள் பயன்படுத்தினார்கள், அதனால் வெட்டிய வருஷம் கட்டிய வருஷத்துக்கு மிக அருகில் இருக்கும். ஆனால் மறுபடி பயன்படுத்திய மரத்தில் மாதிரி எடுத்துவிட்டால் எல்லாம் தப்பாகிவிடும். அதனால்தான் முதலில் துளைகளையும் குறிகளையும் படித்துவிட்டு, பிறகே துளையிடும் கருவியை எடுப்பார்கள்.

பச்சை மரத்தில் ஏன் கட்டினார்கள்? வீடெல்லாம் கோணிப்போனது அதனால்தானா?

ஆமாம், பெரும்பாலும் அதனால்தான். ஓக் காய்ந்துவிட்டால் உளி இறங்காது, பச்சையாக இருக்கும்போது வேலை சுலபம். தடிமனான கட்டை முழுக்கக் காய்ந்து முடிய வருஷக்கணக்கில் ஆகும், யாரும் அதுவரை காத்திருக்கவில்லை. கட்டிய பிறகு மரம் காய்ந்து சுருங்கும், முறுக்கும், விரியும். முளை அடிக்கும் துளைகளைத் தச்சர் கொஞ்சம் விலக்கியே போடுவார், அப்போதுதான் முளை உள்ளே போகப் போகக் கழுந்தைத் துளைக்குள் இழுத்து இறுக்கும். நீங்கள் பார்க்கும் கோணலில் பெரும்பகுதி கட்டிய முதல் சில பத்தாண்டுகளில் வந்து, அப்படியே நின்றுவிட்டது. புதிதாகச் சாய்ந்தால்தான் பயப்படவேண்டும், அதற்குக் காரணம் பெரும்பாலும் கீழே படுக்கை உத்தரம் இற்றுப்போனதாகவோ யாரோ ஒரு முட்டுக்கட்டையை அறுத்ததாகவோ இருக்கும்.

சுவர் எதனால் ஆனது?

நம் ஊரில் வரிச்சு கட்டி மண் அப்பிய வீடு பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஓக் குச்சிகளை நிறுத்தி, நடுவே ஹேசல் என்ற சிறு மரத்தின் மிலாறுகளைக் கூடை மாதிரி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து இரண்டு பக்கமும் அப்பி, மேலே சுண்ணாம்பு. பின்னாளில் மண் உதிர்ந்த இடங்களில் செங்கல் வைத்து அடைத்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் செங்கல் கனம், அது ஈரத்தையும் மரத்தின் பக்கத்திலேயே பிடித்துவைக்கும்.

கூரையில் ஓடா, வைக்கோலா?

இரண்டும் உண்டு. கென்ட்டில் களிமண் ஓடு சீக்கிரமே பரவியது. 1477இல் ஒரு சட்டம் போட்டு ஓட்டின் அளவையே நிர்ணயித்தார்கள், நீளம் பத்தரை அங்குலம், அகலம் ஆறேகால்.

மரம் கறுப்பு, சுவர் வெள்ளை. அதுதானே அசல்?

பெரும்பாலும் இல்லை. அந்தக் கறுப்பு 1800களின் மோகம், வடமேற்கே செஸ்டர் நகரப் பக்கம் ஏராளமாகப் பார்க்கலாம். தென்கிழக்கில் ஓக்கை அப்படியே விட்டுவிடுவார்கள், அது வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அல்லது மரத்தையும் சுவரையும் சேர்த்து ஒரேயடியாகச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். வண்ணம் அடித்த வீடும் உண்டு. அதே சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் நார்த் கிரே என்ற ஊரிலிருந்து வந்த ஒரு வீட்டின் மரங்களில் காவிச் சிவப்பின் தடயம் கிடைத்தது, அதனால் சட்டம் முழுவதையும் சிவப்பாகவே அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். முதல்முறை பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள்.

வெளியே பார்த்தால் செங்கல் வீடு, உள்ளே நுழைந்தால் மரச்சட்டம். எப்படி?

1700களில் மரச்சட்டம் பட்டிக்காட்டுத்தனமாகிவிட்டது. லண்டனில் 1666 தீக்குப் பிறகு செங்கல்லும் கல்லும்தான் கட்டவேண்டும் என்று சட்டமே வந்தது, மற்ற ஊர்களும் அந்தப் பாணியைப் பார்த்துப் பின்பற்றின. முழு வீட்டையும் மாற்றப் பணம் இல்லாதவர்கள் முன்பக்கத்தை மட்டும் மாற்றினார்கள். துருத்திய மாடிக்குக் கீழே செங்கல் சுவர் எழுப்பி ஒரே தட்டையாக்குவது, மேலே காரை பூசி மறைப்பது, ஓடு தொங்கவிடுவது, பலகை அடிப்பது, ஒவ்வொரு ஊரும் ஒரு வழி.

லூயிஸ் நகரத்தில் இன்னொரு சாமர்த்தியம் பார்க்கலாம். மேத்தமேட்டிகல் டைல் என்ற ஒரு வகை ஓடு, சுவரில் தொங்கவிட்டு இடுக்கில் சுண்ணாம்பு பூசினால் அசல் செங்கல் மாதிரியே இருக்கும். 1784இல் வந்த செங்கல் வரிக்குத் தப்பிக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வார்கள், அது சரியில்லை. அதற்கு முன்பே இந்த ஓடு புழக்கத்தில் இருந்தது, ஓட்டுக்கும் வரி இருந்தது. கண்டுபிடிக்கவேண்டுமென்றால் வீட்டின் மூலைக்குப் போங்கள். அங்கே மட்டும் மரப்பலகை வைத்து முடித்திருந்தால் செங்கல் இல்லை, ஓடு.

சுவருக்குள் பழைய செருப்பு கிடைத்ததாம், மரத்தில் பூப்போன்ற கீறல்களும் இருக்கிறதாம். என்ன அது?

புகைபோக்கி ஓரத்திலும் கூரை இடுக்கிலும் தேய்ந்த ஒற்றைச் செருப்பை ஒளித்துவைக்கும் வழக்கம் பரவலாக இருந்திருக்கிறது. நார்தாம்ப்டன் அருங்காட்சியகம் இப்படிக் கிடைத்தவற்றுக்கு ஒரு பதிவேடே வைத்திருக்கிறது. கவராயத்தால் வரைந்த ஆறிதழ்ப் பூ, மெழுகுதிரியால் வேண்டுமென்றே சுட்ட கண்ணீர்த்துளி வடிவத் தழும்பு, இவையும் அடுப்பு, வாசல் பக்கம் இருக்கும். கெட்டது உள்ளே நுழையாமல் இருக்கச் செய்தார்கள் என்றுதான் பெரும்பாலானோர் கருதுகிறார்கள். செருப்பு கிடைத்தால் இருந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இந்த வீடுகளுக்கு இன்று பெரிய ஆபத்து எது?

சிமென்ட். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுண்ணாம்பும் மண்ணும் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். சிமென்ட் பூச்சு விரிசல் வழியாக நீரை உள்ளே விடும், ஆனால் வெளியே விடாது. உள்ளே இருக்கும் ஓக் வருஷக்கணக்கில் ஈரத்தில் ஊறி, வெளியே பளிச்சென்று தெரியும் சுவருக்குப் பின்னால் பிண்ணாக்காகிவிடும். ஈர ஓக்கைத் தேடித்தான் டெத்வாட்ச் என்ற வண்டும் வரும். உலர்ந்த ஓக்கில் அதற்குப் பிழைப்பு இல்லை, அதனால் மருந்து அடிப்பதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, மணல் வீசிக் கட்டைகளைச் 'சுத்தம்' செய்வது. கறுப்புச் சாயத்தை எடுக்கப் போய், கோடாலித் தடம், தச்சர் குறி, மெழுகுதிரித் தழும்பு, 500 வருஷத்துப் புகைக்கரி எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் துடைத்துவிடுவார்கள். அது திரும்பி வராது.

பின்னால் சேர்த்ததையெல்லாம் எடுத்துவிட்டு அசல் நிலைக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த அசல்? பேலீஃபை எடுத்துக்கொண்டால் 1420இன் அசலுக்குப் போக 1505இன் அழகான மேல்முனையை இடிக்கவேண்டும். அருங்காட்சியகம் அந்த வீட்டை ஏறக்குறைய 1540இல் இருந்த மாதிரி வைத்திருக்கிறது, பிற்காலப் புகைபோக்கியைத் திரும்பக் கட்டவில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். பிறந்த இடத்தில் நிற்க முடியாமல் போன, இனி யாரும் குடியிருக்கப் போகாத வீடு அது, பாடம் சொல்வதுதான் அதன் வேலை. தன் இடத்திலேயே நிற்கும் வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது. 1590இல் ஒரு குடும்பம் பணம் சேர்த்துக் கட்டிய புகைபோக்கியும் அந்த வீட்டின் வரலாறுதான்.

இந்த வாதம் புதியது இல்லை. பழைய கட்டடங்களைச் சுரண்டிச் சுரண்டி 'அசலாக்குவதை' எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். கிழக்கு சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் ஊரில் 1300களின் வீல்டன் வீடு ஒன்று இடியும் நிலையில் இருந்தது. அதை 1896இல் பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வெறும் 10 பவுண்டுக்கு வாங்கியது, அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அது. மோரிஸ் தொடங்கிய சங்கத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பவல் என்ற கட்டடக் கலைஞர் பழுது பார்த்தார். சுண்ணாம்புக்கல்லை இடித்து, புளித்த பால் ஊற்றி இறுக்கிய தரையை அங்கே பார்க்கலாம்.

பழுது பார்க்கும்போது இற்றுப்போன நுனியை மட்டும் வெட்டி எடுத்து, புது ஓக்கைச் சாய்வாக இணைத்து, முளை அடித்தால் போதும். புதுத் துண்டின் நிறம் தனியாகத் தெரியும், தெரியட்டும். அடுத்து வருகிறவருக்கு எது எப்போது வந்தது என்று படிக்க வசதியாக இருக்கும்.

நான் இப்படி ஒரு வீட்டை வாங்கினால் இஷ்டப்படி மாற்றலாமா?

முடியாது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கும். அனுமதி வாங்காமல் அதன் தன்மை மாறும்படி எதைச் செய்தாலும், உள்ளே ஒரு தடுப்பை எடுத்தாலும்கூட, கிரிமினல் குற்றம். முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்ததைச் சரிசெய்யும் பொறுப்பும் உங்கள் தலையில் விழலாம், எனவே வாங்குவதற்கு முன் உள்ளூர் மன்றத்தில் பழைய அனுமதிகளைக் கேட்டுப் பாருங்கள். பழைய மரச்சட்ட வீடுகளில் அனுபவம் உள்ள சர்வேயரைத்தான் கூட்டிப்போக வேண்டும். மற்றவர்கள் கோணலைப் பார்த்துப் பயந்து, ஈரத்துக்கு ரசாயன ஊசி போடச் சொல்வார்கள்.

அனுமதி கிடைக்காது என்றும் நினைத்துவிடாதீர்கள். குளியலறை, சமையலறை, ஹீட்டர் எல்லாம் வைத்துக்கொண்டு மக்கள் நிம்மதியாக வாழ்கிறார்கள். பழைய மரத்தை வெட்டாமல், பிறகு வேண்டாம் என்றால் கழற்றி எடுக்கிற மாதிரி செய்யுங்கள். என்ன செய்தீர்கள் என்று படம் எடுத்து, தேதி போட்டு எழுதி, அந்த வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.